ஸ்கூல்ல சுகர் லோ ஆனா யார்கிட்ட பர்மிஷன் கேக்கணும்? டைப் 1 பொண்ணோட அம்மாவா நான் பாத்தது

ஸ்கூல்னாலே எல்லாத்துக்கும் பர்மிஷன் தான். பாத்ரூம் போகணும்னா கை தூக்கணும், தண்ணி குடிக்க பெல் அடிக்கற வரைக்கும் காத்திருக்கணும், கிளாஸ்ல வாயில எதையும் போடக்கூடாது, போன் கொண்டு வரக்கூடாது, பி.டி. பீரியட்ல உக்காரணும்னா லெட்டர் வேணும். இப்ப டைப் 1 சுகர் இருக்கற குழந்தைக்கு ஒரு நாள்ல என்னென்ன வேணும்னு யோசிச்சுப் பாருங்க, பாத்ரூம், தண்ணி, நினைச்ச நேரத்துல சாப்பாடு, உடம்புல ஒட்டி சுகரை அளக்கற சென்சாரை பாக்க போன், முடியலன்னா உடனே உக்கார்றது. அதாவது ஸ்கூல் எதையெல்லாம் தடுத்து வச்சிருக்கோ அதெல்லாம் தான் இவங்களுக்கு மருந்து. இது எனக்கு புரிஞ்சதுக்கு அப்புறம் தான் ஸ்கூல்கிட்ட என்ன கேக்கணும்னே தெளிவாச்சு. டீச்சருங்களுக்கு சுகர் பத்தி பாடம் எடுக்க வேண்டியதில்ல, இந்த அஞ்சு விஷயத்துல எம் பொண்ணு யாரையும் கேட்டுட்டு நிக்கக்கூடாது, அவ்வளவு தான்.

அவளுக்கு ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது வந்தது, இப்ப பெரிய கிளாஸ் போயாச்சு. முதல்ல கவனிச்சதே கிளாஸ் மிஸ் தான், "அடிக்கடி பாத்ரூம் கேக்கறா, பாட்டில் காலியாயிட்டே இருக்கு, மதியத்துக்கு மேல டெஸ்க்ல படுத்துடறா"னு சொன்னாங்க. வீட்ல நாங்க வெயில் காலம், தண்ணி நிறைய குடிக்கறான்னு விட்டிருந்தோம். அதிக தாகம், அடிக்கடி யூரின், காரணமே இல்லாம எடை குறையறது, எப்பவும் அசதி, இந்த நாலும் சேந்து வந்தா அன்னைக்கே சுகர் பாக்கணும். நாளைக்குப் பாக்கலாம்னு விட்டா சில குழந்தைங்க கீட்டோன் (இன்சுலின் இல்லாம உடம்பு கொழுப்பை எரிக்கறப்ப வர்ற அமிலம்) ஏறி ஐசியூ வரைக்கும் போயிடுது. டீச்சரா இருக்கறவங்க யாராவது இதை படிச்சா இந்த ஒரு பாராவை மட்டுமாவது ஞாபகம் வச்சுக்கோங்க.

புதுசா வந்தவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். இது ஸ்வீட் சாப்ட்டதால வர்றது இல்ல, தாத்தா பாட்டிக்கு வர்ற சுகரும் இல்ல. உடம்போட எதிர்ப்பு சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்கற பீட்டா செல்களை அழிச்சிடுது, அதனால இன்சுலின் வெளியிலருந்து குடுத்தே ஆகணும், மாத்திரையோ பத்தியமோ வீட்டு வைத்தியமோ அந்த இடத்துக்கு வராது. "ஊசியை மெல்ல நிறுத்திப் பாக்கலாமே"னு சொல்ற சொந்தக்காரங்களுக்கு நான் ஒரே ஒரு விஷயம் சொல்வேன், 1922 ஜனவரில டொராண்டோல லெனார்ட் தாம்சன்னு 14 வயசு பையனுக்கு தான் முதல்முதல்ல இன்சுலின் போட்டாங்க, அதுக்கு முன்னாடி இந்த நோய் வந்த பிள்ளைங்க பெரும்பாலும் ரொம்ப நாள் இருக்கல. அதுக்கு மேல அவங்க பேச மாட்டாங்க.

சரி ஸ்கூலுக்கு வர்றேன். முதல் மீட்டிங்க்கு ஆஸ்பத்திரில குடுத்த ஃபைலை அப்படியே தூக்கிட்டுப் போனேன், ஹெட்மிஸ் ரெண்டு பக்கம் திருப்பிட்டு "இதெல்லாம் எங்களால பொறுப்பு எடுத்துக்க முடியாதும்மா"ன்னாங்க. அவங்க மேல எனக்கு கோபம் வந்துச்சு தான், ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சப்ப தோணுச்சு, அவங்க பயந்தது நோய்க்கு இல்ல, எப்ப என்ன முடிவெடுக்கணும்னு தெரியாததுக்கு. அடுத்த தடவை டாக்டர் கையெழுத்தோட ஒரே ஒரு பக்கம் கொண்டு போனேன். மேல அவ போட்டோ, கீழ மூணு பகுதி. லோ ஆனா (சுகர் ரொம்ப இறங்கினா) என்ன செய்யணும், ஹை ஆனா (ரொம்ப ஏறினா) என்ன செய்யணும், மயங்கி விழுந்தா என்ன செய்யணும். ஒவ்வொண்ணும் நாலு வரிக்கு மேல இல்ல, ஒவ்வொரு வரியும் ஒரு வேலை. விளக்கம் எதுவும் கிடையாது. அதை படிச்சதும் அவங்க முகமே மாறுச்சு. கூடவே கேட்டது, இந்த அஞ்சு பர்மிஷன் பத்தி எழுத்துல ஒரு குறிப்பு, அது அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர்லயே ஒட்டி இருக்கணும்னு. ஏன் ரெஜிஸ்டர்லன்னா, கிளாஸ் மிஸ்ஸுக்கு எல்லாம் தெரியும், ஆனா அவங்க லீவு போட்டா வர்ற இன்னொருத்தங்களுக்கு எதுவும் தெரியாது. பிரச்சனை வர்றது எப்பவுமே அந்த நாள்ல தான்.

எங்களுக்கும் அப்படித்தான் ஆச்சு (இது ரெஜிஸ்டர் ஐடியாவுக்கு முன்னாடி). வேற ஒரு மிஸ் வந்திருந்தாங்க, இவ போய் "மிஸ் லோவா இருக்கு"ன்னிருக்கா, அவங்க நல்ல எண்ணத்துல தான் "ஆபிஸ் ரூமுக்குப் போயி உக்காரும்மா"னு தனியா அனுப்பிட்டாங்க. ஆபிஸ் கீழ் மாடில. பாதிப் படி இறங்கி அங்கயே உக்காந்துட்டா, எதுக்கு இறங்கினோம்னே தெரியல அவளுக்கு. மேல் கிளாஸ் பிள்ளைங்க யாரோ பாத்து கூட்டிட்டுப் போயிருக்காங்க. சுகர் இறங்கும்போது முதல்ல அடி வாங்கறது மூளை தான், அதுக்கு குளுக்கோஸ் தான் சாப்பாடு. அந்த நேரத்துல வழி தெரியாது, பேச்சு குழறும், சொன்னது புரியாது. அதனால எங்க பக்கத்துல பெரிய எழுத்துல இருக்கற முதல் வரி இதுதான்: லோவா இருக்கற குழந்தையை எங்கயும் அனுப்பாதீங்க, தனியாவும் வேணாம் கூட ஆள் போட்டும் வேணாம், இருக்கற இடத்துலயே குடுங்க, மருந்து அவகிட்ட வரணும், அவ மருந்துகிட்ட போகக்கூடாது.

லோன்னா எவ்வளவு? 70க்கு கீழ போனா லோ (மில்லிகிராம் கணக்குல, மில்லிமோல்ல அளக்கற நாடுகள்ல 3.9). 54க்கு கீழ போனா அது ரொம்ப சீரியஸ். குடுக்க வேண்டியது வேகமா ரத்தத்துல ஏறற சர்க்கரை, 15 கிராம், குளுக்கோஸ் மாத்திரை, ஜூஸ், தண்ணில கலக்கின சர்க்கரை இப்படி எதுவா இருந்தாலும் சரி. சின்ன குழந்தைங்களுக்கு எடைக்கு ஏத்த மாதிரி இன்னும் கம்மியாவே போதும், எத்தனை கிராம்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டு அந்த பக்கத்துல எழுதிடுங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி செக், இன்னும் 70க்கு மேல வரலன்னா மறுபடி அதே அளவு. இதுல எல்லாரும் செய்யற ஒரு விஷயம் சாக்லேட் குடுக்கறது. சாக்லேட்ல கொழுப்பு இருக்கறதால சர்க்கரை மெதுவா தான் ஏறும், லோவுக்கு அது உதவாது. பிஸ்கட்டும் அப்படித்தான், சுகர் ஏறினதுக்கு அப்புறம் வேணா குடுக்கலாம்.

சுகர் பாக்கற மெஷின் கைல இல்ல, லோவா ஹையான்னு தெரியல, அப்ப? லோன்னு நினைச்சு குடுத்துடுங்க. ஹையா இருக்கறப்ப கொஞ்சம் ஜூஸ் உள்ள போனா பெரிசா ஒண்ணும் ஆகிடாது, லோவா இருக்கறப்ப குடுக்காம விட்டா ஆபத்து.

லோவோட அடையாளம் குழந்தைக்கு குழந்தை மாறும். வேர்வை, கை நடுக்கம், முகம் வெளுக்கறது, திடீர் பசி இதெல்லாம் எல்லா இடத்துலயும் எழுதி இருக்கும். எம் பொண்ணுக்கு நடுங்கவே நடுங்காது, சண்டை தான் போடுவா. ரப்பர் குடுக்கலன்னு பக்கத்துல இருக்கறவளை திட்டுவா, எழுத சொன்னா எழுத மாட்டேம்பா, கண்ணு எங்கயோ நிக்கும். கிளாஸ்ல பாக்கறவங்களுக்கு அது திமிரு மாதிரி தான் தெரியும். அதனால "திடீர்னு அடம் பிடிச்சா திட்டறதுக்கு முன்னாடி செக் பண்ணுங்க"னு அந்த பக்கத்துல எழுதி இருக்கேன். உங்க குழந்தைக்கு எப்படி வருதுன்னு வீட்ல நல்லா கவனிச்சு அதை எழுதுங்க, பொதுவா இருக்கற லிஸ்ட்டை காப்பி பண்ணாதீங்க.

மயங்கிட்டா, இல்ல வலிப்பு வந்துட்டா, வாயில எதுவுமே ஊத்தக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஒருக்களிச்சு படுக்க வைக்கணும், குளூக்ககான் (சுகரை வேகமா ஏத்தற மருந்து) குடுக்கணும், ஆம்புலன்ஸ் கூப்பிடணும், அப்புறம் தான் எனக்கு போன். இந்த வரிசையை நான் அழுத்தி சொல்லி இருக்கேன், ஏன்னா எல்லாரும் முதல்ல அம்மாவை தான் கூப்பிடுவாங்க. குளூக்ககான் ஊசியாவும் வருது, மூக்குல அடிக்கற ஸ்ப்ரேயாவும் வருது. டீச்சருங்க ஊசின்னாலே பின்வாங்குவாங்க, அதுல தப்பு சொல்ல முடியாது, பழைய தேதி முடிஞ்ச கிட் ஒண்ணு வச்சிருந்தேன், அதைப் பிரிச்சு கலந்து ஒரு துணிப் பொம்மைல போட்டுப் பாக்க சொன்னேன், மூணு பேர் பண்ணிப் பாத்தாங்க. அதுவரைக்கும் நான் பேசின பேச்சை விட அந்த பத்து நிமிஷம் தான் வேலை செஞ்சுது. இது வரைக்கும் ஸ்கூல்ல அதை யூஸ் பண்ற நிலைமை வரல.

ஹைக்கு இவ்வளவு அவசரம் இல்ல, ஆனா அங்க வேற மாதிரி தொல்லை. சுகர் ஏறினா உடம்பு அதை யூரின்ல தள்ளும், அதனால தண்ணி தண்ணின்னு தவிக்கும், பாத்ரூம் பாத்ரூம்னு ஓடும். அப்ப "இப்ப தானே போயிட்டு வந்த"னு நிறுத்தி வைக்கறது ஒரு தண்டனை தான். அதோட "என்ன சாப்ட்ட?"ங்கற கேள்வி. தயவுசெஞ்சு அதை கேக்காதீங்க. காய்ச்சல், டென்ஷன், வளர்ற வயசு, இன்சுலின் பம்ப் (ஊசிக்குப் பதிலா இன்சுலினை உடம்புக்குள்ள விட்டுட்டே இருக்கற சின்ன மெஷின்) டியூப்ல அடைப்பு, ஊசி போட்ட இடம் தடிச்சுப் போயிருக்கறது, இப்படி சாப்பாடே இல்லாத காரணம் எவ்வளவோ இருக்கு. கேட்டு கேட்டு கடைசில குழந்தை நம்பரை மறைக்க ஆரம்பிக்கும், அது தான் உண்மையான ஆபத்து. 250க்கு மேலயே நின்னுட்டு இருந்தா கீட்டோன் பாக்கணும். ரத்தத்துல பாக்கற மீட்டர்னா 0.6க்கு கீழ இருந்தா நார்மல், 1.5க்கு மேல போனா உடனே எனக்கும் டாக்டருக்கும் போன், 3ஐ தொட்டா நேரா எமர்ஜென்சி. ஹையோட வாந்தி, வயித்து வலி, வேக வேகமா ஆழமா மூச்சு வாங்கறது இருந்தா நம்பர் எதுவா இருந்தாலும் ஆஸ்பத்திரி தான். பம்ப் போட்ட பிள்ளைங்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும், அதுல நீண்ட நேரம் வேலை செய்யற இன்சுலின் கிடையாது, டியூப் கழண்டா சில மணி நேரத்துலயே கீட்டோன் ஏறிடும்.

போன் விஷயத்துல தான் ரொம்ப இழுபறி. சென்சார் ரீடிங் போன்ல வருது, அதனால அது போன் இல்ல மருத்துவக் கருவின்னு டாக்டர் லெட்டர்ல தனியா ஒரு வரி போட்டு வாங்கினேன். ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த ரீடிங் என் போன்லயும் வருது பாருங்க, அது பெத்தவங்களுக்கு பெரிய சோதனை. நம்பர் கொஞ்சம் இறங்கினா உடனே ஸ்கூலுக்கு கூப்பிடத் தோணும், கூப்பிட்டா மிஸ் பாடத்தை நிறுத்திட்டு போன் எடுக்கணும், நாலு நாள் பொறுப்பாங்க அஞ்சாவது நாள் எடுக்க மாட்டாங்க. அதனால நாங்களே ஒரு ரூல் வச்சுக்கிட்டோம், 70க்கு கீழ போயி பத்து நிமிஷத்துல அவகிட்டருந்து மெசேஜ் வரலன்னா மட்டும் நான் கூப்பிடுவேன். அந்த மெசேஜும் பெரிசா இல்ல, "குடிச்சேன்"னு ஒரு வார்த்தை. இன்னொண்ணு, சென்சார் அளக்கறது ரத்தத்தை இல்ல தோலுக்கு அடில இருக்கற திரவத்தை, அது ரத்தத்தை விட சில நிமிஷம் பின்னாடி தான் வரும். ஓடி விளையாடிட்டு வேகமா இறங்கும்போது சென்சார் 85 காட்டும், விரல்ல குத்திப் பாத்தா 65 இருக்கும். ஜூஸ் குடிச்சதுக்கு அப்புறமும் சென்சார் இன்னும் இறங்கற மாதிரியே காட்டும், அதைப் பாத்து பயந்து மேல மேல குடுத்தா ஒரு மணி நேரத்துல 300. குழந்தை சொல்றதும் சென்சாரும் ஒத்துப் போகலன்னா விரல்ல பாருங்க, அதுக்கு முன்னாடி கையை கழுவணும், விரல்ல பழச்சாறு ஒட்டி இருந்தாக்கூட நம்பர் எகிறும்.

மதிய சாப்பாடு. இன்சுலின் சாப்பிடறதுக்கு கொஞ்சம் முன்னாடி போட்டா தான் சாப்பாடும் மருந்தும் ஒண்ணா வேலை செய்யும், ஆனா ஸ்கூல்ல பெல் அடிச்சு வரிசைல நின்னு கை கழுவி உக்காந்தாலே பாதி நேரம் போயிடும். மத்தவங்களை விட பத்து நிமிஷம் முன்னாடி அவளை விடறாங்க, அதுல செக் பண்ணி ஊசி போட்டுட்டு வந்துடுவா. டப்பா மேல நான் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவேன், எத்தனை கிராம் மாவுச்சத்து (கார்ப்)னு. சின்னதா இருந்தப்ப பெரிய தலைவலி என்னன்னா, முழு சாப்பாட்டுக்கு ஊசி போட்டுட்டு பாதியிலேயே எழுந்து விளையாட ஓடிடுவா, அப்புறம் லோ. எவ்வளவு சாப்பிடுவான்னு நிச்சயம் இல்லாத குழந்தைக்கு எப்படி பிரிச்சு போடறதுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க, வழி இருக்கு. ஊசி போடற இடம் பாத்ரூமா இருக்கக்கூடாதுன்னு மட்டும் ஒத்தக்கால்ல நின்னேன். யாராவது அங்க உக்காந்து சாப்பிடுவாங்களா? சுத்தமும் கிடையாது, ஏதோ ஒளிஞ்சு செய்யற விஷயம்னு குழந்தை மனசுல பதியும். கிளாஸ்லயா ஸ்டாஃப் ரூம்லயான்னு அவளே முடிவு பண்ணட்டும். போட்ட ஊசி, விரல்ல குத்தற லேன்செட் எல்லாம் கெட்டி பிளாஸ்டிக் டப்பால போட்டு வீட்டுக்கு வந்துடும், ஸ்கூல் குப்பைல போடக்கூடாது.

பிறந்தநாளுக்கு கிளாஸ்ல ஸ்வீட் குடுத்தா இவளுக்கு மட்டும் இல்லன்னு ஒரு வருஷம் நடந்துச்சு, அக்கறைல தான் பண்ணாங்க. இப்ப குடுக்கறதுக்கு முன்னாடி அவகிட்ட சொல்லிடுவாங்க, அவ அதுக்கும் சேத்து ஊசி போட்டுப்பா இல்ல சாப்பாட்டோட சாப்பிட வச்சுப்பா.

விளையாட்டுல ரெண்டு மாதிரி ஆளுங்களைப் பாத்துட்டேன். ஒரு பி.டி. சார் ஓடவே விடல, ஸ்கோர் எழுதுன்னு நோட்டு குடுத்து உக்கார வச்சுட்டாரு. அடுத்து வந்தவரு "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது ஓடு"ன்னு செக் கூட பண்ண விடல. ரெண்டும் வேணாம். ஓடறதுக்கு முன்னாடி பாக்கணும், கம்மியா இருந்தா கொஞ்சம் சாப்ட்டு ஓடணும், ஜூஸ் கிரவுண்ட்லயே இருக்கணும், மாடில இருக்கற ஸ்கூல் பைல இல்ல. கீட்டோன் இருக்கற நாள்ல ஓடக்கூடாது. நிறைய விளையாடின நாள்ல லோ அப்பவே வராம ராத்திரி தூக்கத்துல வரும், தசைங்க செலவான சர்க்கரையை பல மணி நேரம் இழுத்துட்டே இருக்கும், அதனால ஸ்போர்ட்ஸ் டே எப்பன்னு எனக்கு முன்கூட்டியே தெரியணும்னு சொல்லி வச்சிருக்கேன்.

பரிட்சைக்கு மீட்டர், ஜூஸ், தண்ணி, பாத்ரூம் எல்லாத்துக்கும் முன்னாடியே எழுதி வாங்கிடணும், ஹால்ல போயி சூபர்வைசர்கிட்ட விளக்கிட்டு நிக்க முடியாது. லோ வந்து சரி பண்ண நேரத்தை கடைசில சேத்துக் குடுக்கணும்னும் கேளுங்க, சுகர் 70ஐ தாண்டினாலும் தலை தெளிய இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

கூடப் படிக்கற பிள்ளைங்ககிட்ட சொல்லணுமா வேணாமான்னு நிறைய பேர் என்கிட்ட கேப்பாங்க. அவளே தான் சொல்றேன்னா. மிஸ்ஸோட சேந்து மீட்டரைக் காட்டி விரல்ல குத்திக் காட்டினா, "தொட்டா ஒட்டிக்குமா"ன்னு ஒருத்தன் கேட்டான், ஒட்டாதுன்னு சொன்னா, முடிஞ்சுது. சின்ன வயசுல அவ்வளவு ஈசி. பன்னெண்டு பதிமூணு வயசுல தான் கஷ்டம், எல்லார் மாதிரியும் இருக்கணும், சட்டைக்கு வெளிய சென்சார் தெரியக்கூடாது, அலாரம் அடிக்கக்கூடாதுன்னு சைலண்ட்ல போடுவா, மதிய ஊசியை சில நாள் விட்டுடுவா. அதுக்கு திட்டி பிரயோஜனம் இல்லன்னு எங்க டாக்டர் சொன்னாங்க, அலாரத்தை வைப்ரேஷனுக்கு மாத்திக்கலாம், ஊசிக்கு அவளுக்குப் பிடிச்ச ஒரு ஃப்ரெண்டோட போகலாம்னு பேசி முடிவு பண்ணோம். ஃப்ரெண்டுங்க உதவலாம், ஆனா பொறுப்பு அவங்க தலைல விழக்கூடாது, கூப்பிட வேண்டியது பெரியவங்களை தான்.

ஜூஸும் குளுக்கோஸும் மூணு இடத்துல இருக்கு, அவ பைல, கிளாஸ் அலமாரில, ஆபிஸ்ல. குளூக்ககான் எங்க இருக்குன்னு எல்லா டீச்சருக்கும் தெரியற மாதிரி, பூட்டாத அலமாரில. எக்ஸ்ட்ரா இன்சுலின் பிரிஜ்ல 2லருந்து 8 டிகிரிக்குள்ள, ஃப்ரீசர்ல போச்சுன்னா தூக்கிப் போட வேண்டியது தான். யூஸ்ல இருக்கற இன்சுலின் பேனா (பேனா மாதிரி இருக்கற ஊசி) வெயில்ல, வண்டிக்குள்ள கிடக்கக்கூடாது, பெரும்பாலான இன்சுலினை பிரிச்சா நாலு வாரம் தான், உங்க பாக்கெட்ல என்ன போட்டிருக்குன்னு பாத்துக்கோங்க. ஒவ்வொரு டெர்ம் ஆரம்பத்துலயும் போயி தேதி பாத்து மாத்திட்டு வருவேன். ஸ்கூல் வண்டி டிரைவரையும் மறந்துடாதீங்க, வண்டில சாப்பிடக்கூடாதுன்னு ஒரு ரூல் இருக்கும், அங்கயும் அவ ஜூஸ் குடிக்கலாம்னு அவருக்கு தெரியணும்.

ராத்திரி தங்கற டூருக்கு இவளை விட்டுட்டுப் போகலாம்னு முதல்ல பேச்சு வந்துச்சு, இல்லன்னா நான் கூட வரணும்னாங்க. அவ ரெண்டுக்கும் ஒத்துக்கல. கடைசில மருந்து எல்லாம் ரெண்டு மடங்கா எடுத்து ரெண்டு பைல, ரெண்டு டீச்சர்கிட்ட பிரிச்சுக் குடுத்தோம், ஒண்ணு தொலைஞ்சாலும் இன்னொண்ணு இருக்கும். நாள் முழுக்க நடக்கப் போறாங்கன்னு ராத்திரி இன்சுலினை எவ்வளவு குறைக்கறதுன்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிட்டோம், ரூம்ல எந்த மிஸ் படுக்கறாங்கன்னும் முன்னாடியே பேசியாச்சு. ராத்திரி அலாரம் அடிச்சுது எனக்கு, 62. அந்த பத்து நிமிஷ ரூலை நினைச்சுட்டு போனை கைல வச்சுட்டு உக்காந்திருந்தேன், எட்டாவது நிமிஷமோ என்னவோ மிஸ்கிட்டருந்து மெசேஜ், "குடிச்சாச்சு, நான் முழிச்சிருக்கேன், மறுபடி பாத்துட்டு சொல்றேன்"னு. அப்புறம் 94னு இன்னொரு மெசேஜ். அடுத்த வருஷ டூருக்கு யாரும் எதுவும் கேக்கல, லிஸ்ட்ல அவ பேரு தானா இருந்துச்சு.